கையெழுத்துக்குப் பிறகு மாறிய எண்

செகந்திராபாத்துக்கு வெளியே பட்டான்செருவில் அந்த மருந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது 2003-இல். கனகமணிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பதினாறு வருடமாக அங்கே ஆய்வுக்கூடத்தில் மாத்திரைகளைச் சோதித்து, முடிவைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர். மற்ற மருந்துக் கம்பெனிகளோ புதிதாகப் படித்து வந்தவர்களைத்தான் தேடின.

அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படிக்கச் சேர்ந்தார்.

"இந்த வயசுல இதெல்லாம் கைக்கு கனகம், எதுக்கு?" என்றார் ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் எட்வர்ட்.

"சும்மா உக்காரறது நக்கோ, வேணாம். சாஃப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிக்கணுமாம். மாத்திரைல அதைத்தானே செஞ்சேன்?"

செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் கனகமணிக்குத் தெலுங்கில் நடந்த வகுப்பு சிரமமாக இல்லை. கம்ப்யூட்டர்தான் படுத்தியது. மவுஸைப் பிடிக்கவே ஒரு வாரம் ஆனது. நான்கு மாதம் கழித்து ஆறு இன்டர்வியூக்களுக்குப் போனார். பிறந்த வருடத்தைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிட்டார்கள்.

ஏழாவது, கச்சிபௌலியில் ஒரு சின்னக் கம்பெனி. மருந்து ஆய்வுக்கூடங்களுக்காகவே சாஃப்ட்வேர் செய்பவர்கள். இன்டர்வியூ எடுத்த ஷ்யாம் திருநெல்வேலிக்காரர், அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

"மேடம், ரெண்டு வருஷ அனுபவம் கேட்டிருக்கோமே. உங்களுக்கு இல்லயே."

"இல்ல சார். ஆனா நீங்க செய்றதை யூஸ் பண்ணப் போறது என்னை மாதிரி ஆளுங்கதான். அரைமணி நேரம் அதைத் தொட்டுப் பாக்க விடுங்க."

ஷ்யாம் யோசித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். கனகமணி ஒரு சோதனை முடிவைப் பதிந்து, கையெழுத்துக்கான பாஸ்வேர்டைக் கொடுத்தார். பிறகு முந்தைய பக்கத்துக்குப் போய், 98 என்று இருந்ததை 89 ஆக்கிச் சேமித்தார். சேமித்துக்கொண்டது. கையெழுத்து அப்படியே இருந்தது. பழைய எண் இருந்த சுவடே இல்லை.

"லேப்ல நான் இப்படிச் செஞ்சிருந்தா அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க சார்."

ஷ்யாம் தானே இரண்டு முறை செய்து பார்த்தார். "பத்து நாள்ல கஸ்டமருக்குப் போவுது இது," என்றார் மெதுவாக.

மூன்று மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. காலையில் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்பே பஸ் பிடித்து வந்து, தெரியாததைப் படித்தார். இரண்டாம் மாதம், அடுத்த கஸ்டமருக்குப் போகவேண்டிய சாஃப்ட்வேருக்காக டெலிவரி மேனேஜர் வேணுகோபால் ஒரு தாளை நீட்டினார். சோதனை முழுவதும் முடிந்தது என்று அதில் இருந்தது. மூன்று தவறுகள் இன்னும் பாக்கி.

"சைன் பண்ணுங்க, அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

"முடியாத வேலைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

வேலை போய்விட்டது என்றே கனகமணி நினைத்தார். ஆனால் ஷ்யாம் அவர் பக்கம் நின்றார். அனுப்புவது ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரத்தில் மூன்றையும் சரிசெய்தார்கள். மூன்றாம் மாத முடிவில் கனகமணியின் வேலை நிரந்தரமானது.

2011-இல் பதினான்கு பேர் அவர் கீழே வேலை பார்த்தார்கள். கையால் சோதிக்கும் வேலை அதற்குள் குறைந்துகொண்டே வந்தது. சோதனையைத் தானாகச் செய்யும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள நாற்பத்தேழு வயதில் உட்கார்ந்தார். முதல் தேர்வில் தோற்றார். "பரவாயில்ல, அடுத்த மாசம் மறுபடி எழுதறேன்," என்று எட்வர்டிடம் சொன்னார். எழுதினார், தேறினார். அடுத்த திங்கட்கிழமையே தன் குழுவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.