விஷ்ணுப்ரியா சேர்த்து வைத்த சீட்டுகள்

விஷ்ணுப்ரியா எதையும் தூக்கிப்போட மாட்டாள். காலியான தயிர் டப்பாகூட அவள் வீட்டில் கழுவிக் காய்ந்து மறுபடியும் அலமாரி ஏறிவிடும். அந்தக் குணம் அவள் எழுதிய புரோகிராமிலும் புகுந்ததுதான் வினை.

காரைக்காலில் ஆறே பேர் வேலை பார்க்கும் அலுவலகம் அது. திருநள்ளாறு லாட்ஜுகளில் அறை பதியும் செயலியை ஆறு வருஷத்துக்கு முன்பு ஜாவா மொழியில் அவள்தான் எழுதினாள். யாராவது அறை தேடும் ஒவ்வொரு முறையும் கணினியின் நினைவகத்தில் புதுச் சீட்டு ஒன்று உண்டாக்குவானேன்? ஐம்பதாயிரம் சீட்டுகளை முன்கூட்டியே செய்து கிடங்கில் வைத்தாள். ஒருவர் பயன்படுத்தியதைச் செயலி துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும். அதற்காகவே அவளை டீம் லீடர் ஆக்கினார்கள்.

ஆனால் சனிக்கிழமை கூட்டம் ஏறினால் செயலி திணறி நின்றது. சீட்டுகளை இரண்டு லட்சமாக்கினாள். இன்னும் மோசமானது. லாட்ஜ்காரர் மருதையன் போனில் பொரிந்து தள்ளினார்: "வர்ற சனிக்கிழமையும் நின்னுச்சுன்னா நாங்க பழையபடி நோட்டுக்கே போயிடுறோம்மா. மத்த லாட்ஜுலயும் அதத்தான் சொல்றாங்க."

லாட்ஜுகள் போனால் அலுவலகமே இல்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை இன்னொரு புகார். மூட்டுவலி என்று கீழ்த்தளத்தில் அறை கேட்டிருந்த லோகாம்பாள் என்ற பயணியின் குறிப்பு, அடுத்துப் பதிந்தவரின் சீட்டில் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. குறிப்புக்கான அந்த ஒரு கட்டத்தைத் துடைக்கும்படி எழுத மறந்திருந்தாள்.

பக்கத்து மேசை ரிஃபாய் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, நளதீர்த்தத்துல குளிச்சவங்க விட்டுட்டுப் போற துணிய அடுத்தவங்க எடுத்துக் கட்டுவாங்களா? அள்ளிட்டுப் போவ ஆளு இருக்காங்கள்ல. இங்கயும் வேண்டாதத ஜாவாவே அள்ளிடும். கிடங்க எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க."

"எடுத்தா குப்பை கூடி இன்னும் திணறும் ரிஃபாய்."

"அளந்து பாத்தீங்களா?"

அளக்கவே இல்லை. ஆறு வருஷமாக.

வெள்ளி முழுக்க அளந்தாள். சனிக்கிழமைக் கூட்டம் போலவே பொய்ப் பதிவுகளை அனுப்பிப் பார்த்தாள், மூன்று முறை. அப்போதே உண்டாகி அப்போதே வீணாகும் சீட்டுகளை ஜாவா சுளுவாக ஒதுக்கித் தள்ளியது. அவள் பத்திரப்படுத்திய இரண்டு லட்சத்தைத்தான், நினைவகம் முழுவதையும் கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் அது ஒன்று விடாமல் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, கிடங்கின் ஒரே வாசலில் எல்லாப் பதிவுகளும் வரிசைகட்டி நின்றன. பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளத்துக்கான இணைப்புகளை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே வேகமாக இருந்தது, அவற்றை உண்டாக்க நேரம் பிடிக்கும். அதை விட்டுவைத்தாள். சீட்டுக் கிடங்கை முழுக்க அழித்தாள். அது போனபின் அவள் என்ன டீம் லீடர்?

சனி காலை ஆறு மணியிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. ஒன்பது வரை அது அடிக்கவும் இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பயந்து அவளே மருதையனைக் கூப்பிட்டாள்.

"எல்லா ரூமும் ரொம்பிடுச்சும்மா. ஒரு தடவகூட நிக்கல" என்றார் அவர். "புது செல்போன் டவரு போட்டுட்டாங்க போலருக்கு."

கிடங்கை எடுத்ததைச் சொல்ல விஷ்ணுப்ரியா வாயெடுத்தாள்.

"ஆமாங்க, போட்டிருப்பாங்க" என்றாள்.