வசனம் கேட்கிற பெட்டி

எங்கள் வீட்டு ஹால் சின்னது. சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டினால் டிவி ஸ்டாண்டில் இடிக்கும். தொழிற்சாலை குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பட்டாபிராமில் இந்த வீட்டைக் கட்டியபோது, ஹாலைக் குறைத்துப் பூஜை அறையைப் பெரிதாக்கச் சொன்னது நான்தான் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்னமும் குறை சொல்லுவார். சொல்லட்டும். அந்த ஹாலுக்கு ஒரு ஹோம் தியேட்டர் வேண்டும் என்று போன வருஷம் நான் ஒற்றைக் காலில் நின்றபோது, பெங்களூரிலிருக்கிற என் மகள் போனிலேயே சிரித்துவிட்டாள். அந்தப் பெட்டிகளை உள்ளே வைத்தால் நீங்கள் இரண்டு பேரும் வாசலில்தான் உட்கார வேண்டும் என்றாள்.

அவளுக்கென்ன, சிரிப்பாள். எனக்கு வீடு அதிர வேண்டாம், ஜன்னல் நடுங்க வேண்டாம். சினிமாவில் பேசுகிற வசனம் என் வீட்டுக்காரர் காதில் விழ வேண்டும். விழுந்தால் அவர் பேசுவார். அவர் பேச்சுக்காகத்தான் இத்தனை பாடும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்தில், சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து இடம் பிடிக்கும். இவர் நசரத்பேட்டைப் பக்கத்துக்காரர். விவசாயக் குடும்பத்திலிருந்து இரும்படிக்க வந்தவர். படம் ஆரம்பித்ததும் என் காதோரம் வாயை வைத்தாரென்றால் கடைசி வரைக்கும் ஓயமாட்டார். "இவன்தாம்மே கொன்னுருப்பான், மூஞ்சியப் பாரு" என்பார். கதாநாயகி அழுதால், "இந்தம்மாவ அழுவறதுக்குன்னே கூலி பேசி இட்டாந்துகீறாங்க" என்பார். வில்லனுக்கு யோசனை சொல்லுவார். சண்டையில் அடிபட்டவனுக்கு வைத்தியம் சொல்லுவார். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், எனக்கு மானம் போகும். முழங்கையால் இடித்து, "சும்மா இருங்களேன், படம் பாக்க விடுங்க" என்பேன். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பார். அப்புறம் பழையபடி ஆரம்பித்துவிடுவார். பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது என் இடது காது ஈரமாக இருக்கும்.

அந்த ஈரத்துக்கு இப்போது ஏங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

இவர் வேலை பார்த்த பிரிவில் பெரிய சம்மட்டி மெஷின்கள். பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் அது விழுகிற சத்தம் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்கும். காதில் செருகிக்கொள்ள அடைப்பான் கொடுத்துத்தான் இருந்தார்கள். இந்த மகராசன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். காது குத்தின பிள்ளை மாதிரி இருக்கிறதாம் அதைப் போட்டால்! ரிட்டையராகி வந்தபோது பாதிக் காது போயிருந்தது. அதற்கப்புறம் மீதியும் மெல்ல மெல்லப் போனது. முகத்துக்கு நேராக நின்று நிறுத்திப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். சினிமாவில் யார் இவர் முகத்துக்கு நேராக நின்று பேசுகிறார்கள்? காது மெஷினும் வாங்கினோம். கரண்டி விழுந்தால் மண்டைக்குள் சம்மட்டி விழுகிறது என்று அதைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இப்போதெல்லாம் படம் பார்க்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. ஒரு வார்த்தை வராது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற மனுஷனை நினைத்து ஏங்குவது என்ன மாதிரி அவஸ்தை என்று அதை அனுபவிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

மகள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள். இந்தக் காலத்து டிவிக்குப் பின்பக்கம் ஸ்பீக்கர். சத்தம் சுவரில் போய் முட்டிவிட்டு வருகிறது, அதில் பேச்சுதான் முதலில் குழைந்துபோகிறது. டிவிக்கு அடியில் நீளமாக ஒரே பெட்டியாக வைப்பது சவுண்ட் பார். அது இல்லாமல் குட்டிக் குட்டிப் பெட்டிகளாக மூலைக்கு ஒன்று மாட்டி, நடுவில் பேச்சுக்கென்றே ஒரு பெட்டி வைப்பது இன்னொரு வகை. அந்த நடுப்பெட்டி நன்றாக இருந்தால் அப்பாவுக்கு ஒருவேளை வசனம் பிடிபடலாம் என்றாள். அந்த 'ஒருவேளை'யை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எதை வாங்கினாலும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அவர் காதால் கேட்க வைத்து வாங்கு என்றாள். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். விற்கிறவர் நடுத்தர வயசுக்காரர், வாய் நிறையப் பேச்சு. முதலில் என் தோள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகளைக் காட்டினார். இதை வைத்தால் பீரோவை விற்க வேண்டும் என்றேன். அப்புறம்தான் உள்ளங்கையில் அடங்குகிற பெட்டிகளை எடுத்தார். கதவைச் சாத்திவிட்டு ஒரு ஹெலிகாப்டர் சத்தம் போட்டார். "இன்னாமா, தலைக்கு மேலயே சுத்துது பாத்தீங்களா?" என்று பெருமையாகக் கேட்டார். எங்கள் ஆவடிப் பக்கம் அது காசில்லாமலே தினமும் சுற்றுகிறது, ரெண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி ஏதாவது போடுங்கள் என்றேன். பாவம், தேடித் தேடி, ஒரு பெண்டாட்டி புருஷனைத் திட்டுகிற காட்சியைக் கண்டுபிடித்துப் போட்டார்.

முதலில் சவுண்ட் பார். இவர் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சரி, இது ஆகாது என்று முடிவு கட்டினேன். அடுத்து குட்டிப் பெட்டிகள். அந்தப் பெண் திட்ட ஆரம்பித்ததும் நான் இவர் பக்கம் திரும்பினேன். திரும்பின உடனே இவர் வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார்.

அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரியும். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சாப்பிட வாங்க என்றால் ஹாலிலிருந்து அந்தக் கைதான் மேலே வரும். மாத்திரை போட்டாச்சா என்றால் அந்தக் கை. கேட்டுச்சு, சரி என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். மறுபடி போடச் சொன்னேன். மறுபடி திரும்பினேன். மறுபடியும் கை. "சாருக்குக் காது நல்லா ஷார்ப்புமா" என்றார் கடைக்காரர். அந்த மனுஷனுக்கு அங்கேயே திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. வேறு எதையும் காட்ட வேண்டாம், இதையே கட்டுங்கள் என்றேன்.

மறுநாள் ஒருவர் வந்து ஒயர் இழுத்து மாட்டிவிட்டுப் போனார். மூலைக்கு ஒரு பெட்டி. டிவிக்குக் கீழே நடுப்பெட்டி. சோபாவுக்குப் பக்கத்தில், கனத்த சத்தத்துக்கென்று, முக்காலி மாதிரி ஒரு ஊஃபர். சாயங்காலம் காபி போட்டு வைத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு படமாகப் பார்த்துப் போட்டேன். இவருக்கு இடது பக்கம் நான் இருந்தேன். எழுந்து போய் வலது பக்கம் உட்கார்ந்தேன். என் இடது காது இவர் பக்கம் இருக்க வேண்டுமே.

சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது. பேசுகிறவன் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. முதல் சிரிப்புக் காட்சியில் நான் சிரித்தேன். இவரும் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இரண்டாவது காட்சியிலும் சிரித்தார். ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. காதைக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் ஓரக்கண்ணால் பார்த்தேன். இவர் டிவியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் ஒரு தாய் மகனை ஊருக்கு அனுப்பிவிட்டு அழுகிற கட்டம் வந்தது. நான் வேண்டுமென்றே வாய்விட்டுச் சிரித்தேன்.

இவரும் சிரித்தார்.

ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினேன். எனக்கு வந்ததே கோபம்! அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்வதற்கென்ன, கடையில் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினீர்களே, யாரை ஏமாற்ற என்று கத்தினேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்.

"கேட்டுச்சுன்னு நான் எங்கமே சொன்னேன்?"

"பின்ன அந்தக் கைக்கு என்னங்க அர்த்தம்?"

அப்புறம் நிதானமாகச் சொன்னார். சம்மட்டி விழுகிற இடத்தில் யார் என்ன கத்தினாலும் யாருக்கும் கேட்காதாம். சார்ஜ்மேன், அதாவது இவர்களுடைய மேலாள், தூரத்தில் நின்று ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்ப்பாராம். அவர் பார்வை நம்மேல் விழுந்ததும் கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்ட வேண்டும். கேட்டது கேட்கவில்லை என்பதெல்லாம் அதில் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இங்கேதான் நிற்கிறேன் என்று அர்த்தம். கை தூக்காதவனைத் தேடித்தான் ஆள் ஓடுமாம்.

"கடைல நீ திரும்பித் திரும்பி என்னியே தேடிகினு இருந்த. ஆள் இங்கதான் கீறேன்னு காட்டினேன். அவ்ளோதாம்மே" என்றார்.

அந்தத் தொழிற்சாலைக்குள் குடும்பத்தை விடமாட்டார்கள். வாசல் கேட்டோடு சரி. இத்தனை வருஷம் சமையலறையிலிருந்து நான் சொன்ன எதெல்லாம் அவருக்குக் கேட்டது, எதற்கெல்லாம் வெறுமனே இருக்கிறேன் என்று கை காட்டினார், இனிமேல் எங்கே போய்க் கணக்கெடுப்பது? சோபாவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். சென்ட்ரல் போகிற ரயில் ஒன்று போனது. அதன் சத்தம்கூட இவருக்குக் கேட்டிருக்காது. என் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று மகள் கேட்டாள். எதற்கு? வசனம் எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது. இப்போது அதை வைத்துத்தான் பிழைப்பு. டிவிக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். பாதிப் படம் எனக்குத் தெரியாது. நடுப்பெட்டி சொல்வதைக் காதில் வாங்கி, நிறுத்தி நிறுத்தி இவருக்குச் சொல்கிறேன். சும்மா சொன்னால் ருசிக்குமா? இவன்தாங்க திருடன், மூஞ்சியப் பாருங்க என்கிறேன். இந்தப் பொண்ணுக்கு ஆனாலும் இத்தனை அழுகை ஆகாது என்கிறேன். இவர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறார். ஆனாலும் என் இடது காது காய்ந்துதான் கிடக்கிறது. அந்தக் குறை இனித் தீராது, எந்தக் கடையிலும் அதற்குப் பெட்டி இல்லை.

போன வாரம் ஒரு சண்டைப் படம். கதாநாயகன் மலையிலிருந்து குதிக்கப் போகிறான். குதித்தால் என்ன ஆகும், கீழே யார் நிற்கிறார்கள், இவன் அம்மா கதி என்ன என்று டிவியை மறைத்துக்கொண்டு நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறேன். இவர் என் தலையைத் தாண்டி எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் முழங்காலால் என் முழங்காலை இடித்தார்.

"கொஞ்சம் சும்மா இருமே. படம் பாக்க வுடு" என்றார்.

மைதானத்தில் நான் எத்தனை சனிக்கிழமை சொன்ன வார்த்தை அது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினேன்.