116982293-இன் மீதி

3-2-1999: 116982293 ÷ 1097. மீதி 407.
17-2-1999: 116982293 ÷ 1103. மீதி 319.
4-3-1999: 116982293 ÷ 1109. மீதி 537.
18-3-1999: 116982293 ÷ 1117. மீதி 6.

குடிநீர் அலுவலகப் பதிவறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவரின் நோட்டு இது. கடைசி வரி பொய். ஆயுளில் அவர் எழுதிய ஒரே பொய்.

பம்பு அறையின் பெரிய மீட்டரைப் படித்து வருவது மீட்டரம்மாவின் வேலை. அதைப் பதிவது இவர் வேலை. ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும் என்பது விதி. தேநீர் வேளையில் இருவரும் அன்றைய அளவை வகுத்து உடைத்துப் பார்ப்பார்கள். அந்த அம்மாள் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கையில் வந்தது 116982293. ஆயிரம் வரை எந்த எண்ணுக்கும் அது மசியவில்லை.

“பகா எண்ணா இருக்கும்மா.”

“இருக்கும்னு எழுதுவீங்களா உங்க ரிஜிஸ்தர்ல?”

டீ கொண்டுவந்த பியூன் சிரித்தார். “தண்ணிய அளக்கறீங்களா, தண்ணி மேல எழுதறீங்களா?”

தொலைவில் மகன் வீட்டுக்குப் போக பஸ் ஏறியபோது அந்த அம்மாள் ஜன்னல் வழியே சொன்னார்: “ஆயிரத்துக்கு மேல உள்ள பகா எண்கள்ல, ஒண்ணுலயும் ஏழுலயும் முடியறது உங்க பங்கு. மூணும் ஒம்போதும் எனக்கு. ஒரு கடிதாசிக்கு ஒரு எண். உடைஞ்சா ஆட்டம் முடிஞ்சுது சார்.”

தனி ஆளான அவர் “போய்ட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

1117 அவர் பங்கு. அது மீதியில்லாமல் வகுத்தது, ஈவு 104729. மூன்று முறை போட்டுப் பார்த்தார். உண்மையை எழுதினால் இனித் தபால்காரருக்கு இந்த வாசலில் வேலையில்லை. மீதி 6 என்று எழுதி அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது: “சரிபார்த்தேன். அடுத்து 1123.” உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு வருத்தமும்: இந்த அம்மாள் பார்க்காமலே ஒப்பமிடப் பழகிவிட்டாரே!

ஆறரை வருடம் கடிதங்கள் போய் வந்தன. பிறகு ஒரு நாள், கோணல்மாணலான கையெழுத்தில்:

“சார், 2399. மீதி 2255. கண் நரம்பு பட்டுப்போச்சாம், இலக்கம் தெரியல. இதுதான் கடைசி. 1117-ஐ அன்னிக்கே நானும் மூணு தடவ வகுத்தேன். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். ஈவு ஒம்போதுல முடியுது, கவனிச்சீங்களா? அது என் பங்கு.”

அவர் பழைய நோட்டை எடுத்தார். 6-ஐ அடித்து 0 எழுதினார். திருத்தத்துக்கு இருவர் ஒப்பம் வேண்டும், தம்முடையதை இட்டார். மற்ற ஒப்பத்துக்கான இடத்தில் அந்தக் கடிதத்தையே ஒட்டி, பக்கத்தில் எழுதினார்: வந்த நாள் 22-9-2005.