வார்டன் அம்மாவின் இங்கிலீஷ்

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் வாசலில் மஞ்சள் நிறத்தில் ஒரு காயின் போன் தொங்கும். ஒரு ரூபாய் உள்ளே விழும்போது 'டொக்' என்று கேட்கும் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். தெற்கே பிழைப்பில்லாமல் திருப்பூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான் ஆறாவதோடு படிப்பை விட்டுவிட்டு செக்கிங் வேலைக்குப் போனேன். தங்கை வெள்ளகோவில் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவளோடு பேச வேண்டுமென்றால் ஹாஸ்டல் போனுக்கு அடிக்க வேண்டும். எடுப்பது எப்போதும் வார்டன் அம்மாதான்.

ஆரம்பத்தில் 'இருங்க, கூப்பிடறேன்' என்பார். கொஞ்ச நேரத்தில் தங்கையின் குரல் வரும். பொங்கலுக்குப் பிறகு அது மாறியது. தங்கையை எங்கள் தாய்மாமாவுக்குக் கட்டிக் கொடுப்பதென்று அம்மா முடிவு செய்திருந்தாள். லீவு போட்டு அவளை வரச் சொல்லத்தான் நான் போன் செய்துகொண்டிருந்தேன். அம்மா என் தோளை ஒட்டி நிற்பாள். மாமா பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டே, 'என்னவாம், எப்ப வாராளாம்?' என்று சத்தம் கொடுப்பார். அந்தப் பக்கத்திலிருந்து வார்டன் அம்மா, 'பிஸிங்க' என்று வைத்துவிடுவார். அடுத்த வாரம் 'எங்கேஜ்டா இருக்குதுங்க' என்றார். அதற்கடுத்து, 'ரெஸ்ட்ரிக்‌ஷன் போட்டிருக்குதுங்க'. கடைசியில் ஒரு நாள், 'லீவை ஹோல்டு பண்ணீட்டாங்க'. வேலையாக இருக்கிறாள் என்று தமிழில் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா? வாரத்துக்கு ஒரு வார்த்தையாக ஏன் மாற வேண்டும்? எனக்குச் சந்தேகம் பிடித்தது. அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள், காய்ச்சல் வந்தால்கூட மறைப்பார்கள் என்றெல்லாம் எங்கள் செக்கிங் டேபிளில் பேசிக்கொள்வார்கள். அவ்வளவும் என் தங்கைக்கு நடந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

ஆபீசில், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்பும் சார் ஒருவர் இருந்தார். அந்த வார்த்தைகளை மறக்காமல் கொண்டுபோய் அவரிடம் அர்த்தம் கேட்டேன். 'ஏனுங்கக்கா, பையர்கிட்ட நேராப் பேசப் போறீங்களா? எங்க பொழப்பைக் கெடுத்துப் போடாதீங்க' என்று சிரித்தார். பிறகு நான் அழுதுவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, நிதானமாகச் சொன்னார். 'ஹோல்டுங்கறது உங்களுக்குத் தெரியாததுங்களா? பீஸ்ல டேமேஜ் இருந்தா ஹோல்டுல வெப்பமில்லீங்க, அதேதான். சரி பண்ற வரைக்கும் வெளிய உடமாட்டாங்க.' அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் செக்கிங்காரியிடம் சொல்லக்கூடிய விஷயமா அது? வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, நூல் விட்டது என்று தேடுவதுதான் என் வேலை. நல்ல பீஸிலும் ஏதோ இருக்கும் என்று பார்க்கிற கண். அப்படியானால் என் தங்கையில் என்ன டேமேஜ்? கை மிஷினில் சிக்கிவிட்டதா? முகத்தில் ஏதாவது பட்டதா? யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா? அன்றைக்கு நான் பார்த்த பனியனில் எல்லாம் கறை தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மில் கேட்டில் பெயர் சொன்னதும் தகரம் போட்ட ஷெட்டில் உட்கார வைத்தார்கள். வார்டன் அம்மாவை நான் பார்த்தது அப்போதுதான். போனில் கேட்ட குரலுக்கு ஏற்ற முகம் இல்லை. மூக்குத்தி போட்ட, களைத்த, கால் வீங்கி நடக்கும் ஒரு பெண். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். செக்யூரிட்டியை அனுப்பி பஸ் ஸ்டாப்பையும் பார்த்துவரச் சொன்னார். 'கூட ஆரு வந்திருக்காங்க கண்ணு?' என்றார். 'யாரும் இல்ல, நான் மட்டுந்தான்.' 'நெசமாத்தானா?' என் தங்கையை மறைத்து வைத்துக்கொண்டு என்னைச் சந்தேகப்படுகிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. 'பிள்ளைய இப்பக் காட்டலன்னா போலீசுக்குப் போயிருவேன்' என்றேன். என் குரல் அவ்வளவு உயர்ந்தது எனக்கே புதிது.

அவர் உள்ளே போய் அழைத்து வந்தார். தங்கை முழுசாக வந்தாள். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளும் ரோட்டைத்தான் பார்த்தாள்.

'யக்கா, மாமா வரலல்லா?'

'வரல. நீ ஏன் பேசவே மாட்டேங்க?'

'பேசுனா வரச் சொல்லுவிய. வந்தா திருப்பி விடமாட்டிய. நாந்தான் என்னைக் கூப்பிட வேண்டாம்னு அம்மாட்ட அழுதேன்.' அம்மா என்று அவள் சொன்னது வார்டனை. 'சின்ன வயசுல என்னைத் தூக்கிட்டுத் திரிஞ்சவரு யக்கா. அவரப் போய் எப்படிக் கட்டுவேன்?'

பொங்கலன்று அம்மாவும் மாமாவும் பட்டுப்புடவையோடு இங்கே வந்து போனதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாய்மாமனுக்கு உரிமை என்பதை எங்கள் வீட்டில் யாரும் ஒரு கேள்வியாகவே வைத்ததில்லை. புடவையைக் காட்டினார்கள், அவளிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

'அதுக்கு எதுக்கும்மா இங்கிலீஷ்?' என்று வார்டன் அம்மாவிடம் கேட்டேன். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். 'தமிழ்ல வரமாட்டாள்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க கண்ணு. ஏன், எதுக்குன்னு நூறு கேப்பாங்க. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை போட்டா சரிங்கன்னு வெச்சுருவாங்க. எனக்கும் அந்த நாலு வார்த்தைதான் தெரியும். ஆபீசுல பேசறதைக் கேட்டுப் பழகினது.' பிறகு, 'போன்ல ஆம்பளைக் குரல் கேட்டுதுன்னு நான் சொன்னாலே உங்க தங்கச்சி முகம் வெளுத்துப் போகுதுங்க' என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவும் மாமாவும் வாசலிலேயே இருந்தார்கள். மல்லிகைப்பூவும் விபூதியும் இல்லாமல் வந்தவளைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. 'எங்கட்டி போயிட்டு வாற? என்ன சொல்லுதா அவ?' நானும் ஒரு வார்த்தையைப் போட்டு முடித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும், அதற்கப்புறம் மாமாவே மில்லுக்குப் போய் நிற்பார் என்று தோன்றியது. 'மாமாவக் கட்ட அவளுக்கு இஷ்டமில்ல. வரமாட்டா' என்று தமிழிலேயே சொன்னேன். அம்மா என்னை அடித்தாள். மாமா தடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, 'அந்தம்மா இங்கிலீசுல சொன்னதே மரியாதையா இருந்துச்சு தாயி' என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கு அவர் வருவதற்கு அப்புறம் ரொம்ப நாளானது.

தங்கை மில்லில் ஒப்பந்தக் காலம் முடித்து வெளியே வந்தாள். இப்போது திருப்பூரில்தான் இருக்கிறாள், மனசுக்குப் பிடித்தவனைக் கட்டி இரண்டு பிள்ளைகள். வார்டன் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுவாள். எனக்குக் கை எழுவதில்லை. பிள்ளையைக் காப்பாற்றினாரா, மில்லுக்கு ஆள் குறையாமல் பார்த்துக்கொண்டாரா என்று இரண்டு விதமாகவும் யோசிக்கிறேன். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்திருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மில்லிலிருந்து கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே ஒரு பெரியவர், பலகாரப் பையோடு நின்றிருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். 'புள்ளைய பாக்க முடியாதாம் தாயி. எங்கேஜ்டாம். பெரிய வேலை போல' என்று பெருமையும் குழப்பமுமாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அவருடைய மகளும் அழுது கேட்டுக்கொண்டதால்தான் அந்த வார்த்தை வந்ததா, இல்லை மில் தனக்காகப் போட்ட வார்த்தையா? 'ஐயா, பாக்காம போகாதீங்க. புள்ள முகத்தப் பாத்துட்டுப் போங்க' என்றேன். அவர் என்னையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, மூடியிருந்த கேட்டுக்கு முன்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் பஸ் வந்துவிட்டது. அது வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட் திறக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.