கொண்டெய்னருக்குள் என் பெயரைக் கூப்பிட்ட குரல்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் சாகக் கிடந்தது பிரெஞ்சு பேசும் ஊரான புவாண்ட்-கிளேரில், 2006ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். வெளியே உறைகுளிர். என் பெயர் தோமஸ், ஊர் மட்டக்களப்பு. சரியான கோபக்காரன். அதை மறைக்க முடியாது, அந்தக் கோபம்தான் என்னை உள்ளே வைத்துப் பூட்டியது.

எங்கள் வேர்ஹவுஸில் ஒரு கண்காட்சியின் சாமான்களைக் கப்பலில் போகும் இரும்புக் கொண்டெய்னருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தோம். நானூறு வருடங்களுக்கு முன் ஆங்கிலேயர் கடல் கடந்து வந்து அமைத்த குடியேற்றம் ஒன்றைப் பற்றிய கண்காட்சி. சோளம் இடிக்கும் பெண், கிணறு தோண்டுகிறவன், தொப்பி போட்ட தலைவன், எல்லாம் ஆள் உயர மெழுகுப் பொம்மைகள். தலைவனின் நெஞ்சுக்குள் ஒரு பேசும் பெட்டி. பக்கத்தில் யாராவது அசைந்தால் இங்கிலிஷில் பெயர் கூப்பிடும். அந்தக் காலத்துத் தலைவன் தினமும் காலையில் பெயர் கூப்பிட்டுத்தான் சோளம் அளந்து கொடுப்பானாம். பஞ்சத்தில் பாதிப்பேர் செத்த பிறகும் பட்டியல் முழுவதையும் கூப்பிடுவானாம்.

கொண்டெய்னரின் கடைசியில் குந்தியிருந்து அந்தத் தலைவன் பொம்மையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் சிவா அண்ணை வாசலில் நின்று, "தோமஸ், உள்ளுக்கோ நிக்கிறீர்?" என்று கூப்பிட்டார். காலையில் எல்லோர் முன்னாலும் என்னை ஏசியவர். கொஞ்சம் தேடட்டும் என்று வாய் திறக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று நினைத்து, கதவைப் படாரென்று சாத்திப் பூட்டிவிட்டார்.

கும்மிருட்டு. ஜக்கெட்டும் போனும் வெளியே. "ஹெல்ப்! ஹெல்ப்!" என்று கத்தித் தகரத்தில் அடித்தேன். நான் அசைய அசைய அந்தத் தலைவனும் கத்தினான். "ஜோன்... வில்லியம்... தோமஸ்..." வெளியே, கொண்டெய்னரை ஏற்றிப்போக வந்த லொறி டிரைவர் சிரித்தபடி, "அது அந்த மெஷின்" என்று யாருக்கோ பிரெஞ்சில் சொன்னது கேட்டது. ஐயோ! என் குரலும் பொம்மையின் குரலாகிவிட்டது.

விரல்கள் மரத்தன. கத்தவும் பெலன் இல்லை. "ஆண்டவரே, என்ர பிள்ளையள ஒருக்காப் பாக்க விடும்" என்று அழுதேன். பிறகு அசையாமல் கிடந்தேன். பெட்டியும் அடங்கிவிட்டது.

அந்த அமைதியில், "தோமஸ்" என்று ஒரு குரல்.

கண்காணாத குரல் கூப்பிட்டால் முதல் தரம் பதில் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் கூப்பிட்டது. மூன்றாம் தரம் என் காதுக்குள்ளேயே கேட்டது. நெஞ்சு வெடித்து, "ஓம்! ஓம், ஆண்டவரே! ஓம்!" என்று அலறினேன்.

கதவு திறந்தது. டிரைவரின் முகம் வெளிறிப்போயிருந்தது. எங்களுக்கு 'ஓம்' என்றால் ஆம், பிரெஞ்சுக்காரர் காதுக்கு அது மனிதன். இங்கிலிஷ் மெஷின் எப்படிப் பிரெஞ்சில் மனிதன், மனிதன் என்று அழும் என்று பயந்துதான் திறந்தாராம்.

திங்கட்கிழமை சிவா அண்ணை என்னைக் கட்டிப்பிடித்து, "எட பாவி, ஒரு சத்தம் தந்திருக்கலாமே!" என்று அழுதார். நான் நடந்ததை எல்லாம் சொல்ல, கேட்டுப் போய், திரும்பி வந்து குரலைத் தாழ்த்தி, "அந்தப் பெட்டிய நாலு தரம் போட்டுக் கேட்டனான். உம்மட பேர் அதில ஒருக்காத்தான் வருது" என்றார்.

பெட்டி அடங்கிய பிறகு மூன்று தரம் கூப்பிட்ட குரல் யாருடையது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போதும் கோபம் வரும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரோடும் பேசாமல் இருப்பதில்லை. ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று சொல்லும் உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இங்கிலிஷும் வேண்டாம், பிரெஞ்சும் வேண்டாம். வாயில் வருவதைச் சொல்லிக் கத்துங்கள். யாருக்கு எப்படி விளங்கவேண்டுமோ, அப்படி அவர் விளங்கவைப்பார்.