காருக்குள் சிக்கிய இரண்டாவது அல்பம்

அந்தப் பழைய காரில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். உள்ளே ஒலித்த ஆங்கிலப் பாட்டுகள் யாருடையவை என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. இன்று கிளேட்டனில் ஒரு கோப்பிக்கடையில் அதே பாட்டின் கிற்றார் கேட்டபோதுதான் கூடப் படிக்கும் நண்பன் சொன்னான்.

"மச்சான், இது ஒரு பிரிட்டிஷ் மியூசிக் பான்டின்ர ரெண்டாவது அல்பம். முதலாவதைக் கொண்டாடின சனம் இதைக் கிழிச்சுத் தொங்கவிட்டது."

எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த வரவேற்பை அவனுக்குச் சொன்னேன்.

ஸ்பிரிங்வேலில் அப்பா வாங்கிய காரில் அந்தச் சிடி ஏற்கெனவே சிக்கியிருந்தது. ரேடியோவும் வேலை செய்யாது. கோயிலுக்குப் போனாலும் அதே பாட்டுகள்தான், மீன் வாங்கப் போனாலும் அவைதான்.

"தம்பி, பாடுற பெடியன் என்ன சொல்லிக் கத்துறான்?" என்பார் அப்பா. வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் மட்டுமே.

"காதலிச்ச பெட்டை விட்டிட்டுப் போட்டாளாம், அப்பா."

"பாவம். கத்தட்டும்."

"ஒரு தேவாரம் போட வழியில்லை," என்று அம்மா புறுபுறுப்பார். ஆனால் மூன்றாவது பாட்டுக்கு அவரது விரல்கள் மடியில் தாளம் போடும்.

கார் பழைய இரும்புக்குப் போன நாளில் அம்மாதான் அப்பாவை மறித்தார். "இஞ்சருங்கோ, அந்தப் பெடியனை உள்ளுக்க விட்டிட்டோ போறது?"

அப்பா பேர்ஸைத் திறந்தார். பிளேயரை உடைத்து அந்தச் சிடியை வெளியே எடுக்க மெக்கானிக்குக்குக் கொடுத்தது அறுபது டொலர்.