எஞ்சினுக்கு வெட்டிய கிணறு

மாப்பிள்ளைக்குக் காணி பூமி இல்லை, கல்லுக்குழியில் கல் உடைக்கிறவர் என்று சொல்லித்தான் சம்பந்தம் வந்தது. பள்ளிமுனையில் எங்கள் வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். நான் தரகரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அங்க தண்ணி என்ன மாதிரி?"

"நல்ல தண்ணி பிள்ளை. ஸ்டேசன் கிணறு வீட்டுக்கு முன்னாலதான்."

உடனே ஓம் என்றேன். சிறு வயதிலிருந்து குடம் சுமந்து அலுத்தவள் வேறு எதை யோசிப்பாள்?

கல் ஏற்றவென்று வெள்ளைக்காரன் அந்த ஊருக்கு ஒரு கிளைப்பாதை போட்டிருந்தான். அதன் முடிவில் தகரக் கூரை போட்ட ஸ்டேசன், ஆட்கள் இருக்க இரண்டு வாங்கு, ஒரு மணி. எஞ்சினுக்கு உவர்த்தண்ணீர் ஆகாதாம். அதற்காக மூன்று இடத்தில் தோண்டிக் கைவிட்டு, நாலாவது இடத்தில் நல்ல தண்ணீர் கண்டு கிணறு கட்டினார்கள். மனிதர் குடிக்க யாரும் இத்தனை பாடு பட்டதில்லை.

மூன்று வருடத்தில் கல் தீர்ந்தது, கல் ஏற்றிய கோச்சியும் நின்றது. ஸ்டேசன் மாஸ்டர் மணியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் கடல் தொழிலுக்கு மாறினார். மேடையில் வலை காய்ந்தது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலால் எங்கள் ஆடு தலையை நீட்டி, பழைய மாஸ்டரைவிட மரியாதையாக ஆட்களைப் பார்த்தது. நான் கிணற்றடியில் எலுமிச்சை வைத்துச் சந்தோசமாக இருந்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பெரிய ரயில் பாதையில் உள்ள ஸ்டேசனின் கிணறு உவர்த்துப் போயிற்றாம். எங்கள் தண்ணீர் இன்னும் நன்றாக இருந்தால் வேலி போட்டுப் பூட்டி, ரயிலுக்கு எடுக்கப் போகிறார்களாம். ருசி பார்க்க ரயில்வேக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம்.

"அரசாங்கத்தோட நாங்கள் என்ன செய்யேலும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடம் தூக்கப் போவது அவரா?

கந்தோர் ஐயா உச்சி வெயிலில் தண்டவாளத் தள்ளுவண்டியில் வந்து இறங்கினார். எங்கள் பக்கத்துத் தமிழர்தான். "வாங்கோ, முதல்ல இருங்கோ" என்று கதிரை போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தேன். காலையிலேயே அள்ளி, இரண்டு பிடி உப்புக் கரைத்து வைத்த தண்ணீர். இதைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது.

"எப்ப தொட்டு இப்பிடி?"

"கோச்சி நிண்ட நாளிலயிருந்து, ஐயா."

அவர் கண் கிணற்றடிக்குப் போனது. அங்கே எலுமிச்சை காயும் பூவுமாக நின்றது. உவர்த்தண்ணீரில் எலுமிச்சை எங்கே காய்க்கும்? அவர் கொப்பியைத் திறந்து, எழுதுவதை எனக்குக் கேட்கும்படி வாசித்தார்: "தண்ணீர் உவர். கிணறு உபயோகப்படாது."

வண்டியடிக்குப் போனவர், ஒரு வெறும் போத்தலோடு திரும்பி வந்தார்.

"தங்கச்சி, தூரம் போக வேணும். உப்புப் போடாத தண்ணி கொஞ்சம் ஊத்தித் தாங்கோ."

நான் போய் வாளியைக் கிணற்றில் விட்டேன்.